பெட்டிக்குள் மூன்று வாக்குறுதிகள்

எங்கள் பகடை ஆட்டத்தில் அக்காவின் வாள்காரி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக ஓங்கிய வாளை இறக்கவில்லை. எதிரில் உப்புப் பூதம் நின்றது. ஒவ்வொரு வாரமும் சண்டை பாதியைத் தாண்டுவதற்குள் அக்கா ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிடும். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். வாள்காரி கையைத் தூக்கியபடி அடுத்த ஞாயிறுவரை நிற்பாள்.

மூன்றாவது வாரம், பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "டேய், இனிமே நான் வரல. என்னை விட்டுடுங்க."

"ஏன்க்கா?"

"ஏனா? போனதும் விடியற வரைக்கும் வார்டுல நிக்கணும். அதுக்கு முன்னாடி கிடைக்கிறது ரெண்டு மணி நேரம். அதுல உக்காந்து பகடையைப் போட்டுப் போட்டு, 'படல, படல'ன்னு நீ சொல்றதைக் கேட்டுட்டுப் போறேன். என்னால உங்களுக்கும் ஆட்டம் கெட்டுப் போகுது. எனக்குப் பதிலா வேற யாரையாவது சேர்த்துக்கோங்க."

மாமா பகடைகளைப் பொறுக்கித் துடைத்தார். அவர் அக்காவின் புருஷன்.

"ஒரே ஒரு வாரம் கொடுக்கா," என்றேன். "இந்தக் கதையை அப்படியே வேற ஆட்டத்துக்கு மாத்திடறேன். சீக்கிரம் முடியற ஆட்டமா."

அக்கா பையைத் தோளில் மாட்டினாள். "சரி. வர்ற ஞாயிறு ஒரு தடவை. அன்னைக்கும் நான் பாதியில எந்திரிச்சுப் போற மாதிரி ஆச்சுன்னா அவ்வளவுதான். அப்புறம் வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது."

அவள் போனதும் மாமா என் தோளில் தட்டினார். "மாப்ளே, அவ வரலேன்னா நானும் வர முடியாது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் என்னை வீட்ல பார்த்தா ஒட்டடைக் குச்சியைக் கையில கொடுத்துடுவா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதுதான் நிலைமை. அக்கா போனால் மாமாவும் போவார். மிஞ்சுகிற மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒரு கோட்டையைப் பிடிக்க முடியாது. அதைவிட, அக்காவுக்குக் கல்யாணமான பிறகு அவளோடு உட்கார்ந்து சிரிக்க எனக்குக் கிடைப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால், "ஐயோ, பாவம்!" என்று தலையில் குட்டுவாள்.

எங்கள் விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "கதவைத் தள்றேன்", "ஒளிஞ்சுக்கறேன்" என்று சொல்லச் சொல்லக் கதை நகரும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகமான இடத்தில் பகடை உருட்டுவோம். கதைக்கான இடம், அறைகள், பூதங்கள், புதையல் எல்லாவற்றையும் தொகுத்துச் சாகசப் புத்தகங்களாக விற்பார்கள். நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது 'உப்புக் கோட்டை'. நான் பிறப்பதற்கு முன்னால் அச்சானது. பழைய புத்தகக் கடையில், சமையல் குறிப்புகளுக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் நடுவில் கிடைத்தது. தைத்த கம்பிகள் துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக இறங்கியிருந்தன.

கதையை நடத்துவது நான். மாமா பஸ் ஓட்டுகிறவர். "வாரம் முழுக்க நான் ஓட்டுநர், ஞாயித்துக்கிழமை இவன் நடத்துநர். விசிலடி மாப்ளே, போலாம்," என்பதை அவர் ஒரு வாரம்கூட விட்டதில்லை. ஆட்டத்தில் அவர் மந்திரவாதி. எதைக் கண்டாலும் நெருப்பு விடுவார். அக்கா வாள்காரி. கூட்டத்தில் காயத்துக்குக் கட்டுப்போடும் வைத்தியர் வேடம் காலியாக இருந்தது. அதைத் தரலாமா என்று ஆரம்பத்தில் கேட்டுவிட்டேன். "நாள் முழுக்கக் கட்டுப் போட்டுட்டு இங்க வந்தும் கட்டுப் போடணுமா? நான் வெட்டணும்," என்றாள்.

ஆடும் இடம் பேக்கரி அண்ணனின் கடைப் பின்னறை. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை மூடியிருக்கும். அடுப்பில் சூடு மட்டும் மிச்சமிருக்கும். மாவு பிசையும் நீள மேசையைத் துடைத்துவிட்டு, மூட்டைகளில் சாய்ந்துகொண்டு ஆடுவோம். எவ்வளவு துடைத்தாலும் பகடையின் எண்களுக்குள் மாவு ஏறிவிடும். பேக்கரி அண்ணன் சில்லறையில் ஒரு காசு கூட வந்துவிட்டால் வாடிக்கையாளரைத் தெருவரை துரத்திப்போய்த் திருப்பிக் கொடுக்கிறவர். ஆட்டத்தில் அவர்தான் திருடன். மிகுந்த சந்தோஷத்தோடு திருடுவார்.

ஐந்தாவது ஆள் ரப்பர். மாலை வகுப்பில் என் பக்கத்து இருக்கை. கட்டட வரைபடம் கற்கிறோம். ஒரு கோடு போட்டால் இரண்டு தரம் அழிப்பாள், அதனால் அந்தப் பெயர். வில்லாளியாக ஆடுகிறாள். வேறொரு ஆட்டத்தின் விதிகள் அடங்கிய மெல்லிய புத்தகம் ஒன்று அவளிடம்தான் இருந்தது.

"இதுல ஒரு சண்டைக்கு ஒரே உருட்டு," என்றாள், வகுப்பு தொடங்குவதற்கு முன் அதை என் பலகைமேல் போட்டு. "ஜெயிச்சியா, தோத்தியா, இல்ல ஜெயிச்சும் ஏதாவது போச்சா. மூணுல ஒண்ணு. முடிஞ்சுது."

"பழைய கதை இதுல பொருந்துமா?"

"பொருத்தறது உன் சாமர்த்தியம். நீதான் அங்குலத்தை மில்லிமீட்டரா மாத்தியே வயித்தைக் கழுவறவனாச்சே."

உண்மைதான். பகலில் நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் அங்குலத்தில் அளந்துகொண்டு வருவார்கள். நாங்கள் மில்லிமீட்டருக்கு மாற்றி, சட்டத்துக்கு இடம் விட்டு, வெட்டுவோம். மாற்றுவதில் தவறினால் கண்ணாடி குப்பைக்குப் போகும். அதனால் எதையும் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது என்று எழுதி, இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் தொடுவேன். சாமர்த்தியம் என்று சொல்ல முடியாது. பயம்.

உப்புக் கோட்டையையும் அப்படித்தான் மாற்றத் தொடங்கினேன். கடையில் வீணாகும் அளவுத் தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். பூட்டுகள், பொறிகள், எலிகள், வௌவால்கள், வழுக்கும் படிகள் எல்லாம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு ஏறின. மாற்றும் வேலையில் ஒரு பெரிய குழி இருக்கிறது என்று ரப்பர் எச்சரித்திருந்தாள். பழைய ஆட்டத்தில் கவசத்தின் எண் குறையக் குறையத்தான் காப்பு அதிகம். புதியதில் கூடக் கூட அதிகம். அப்படியே எண்ணை எடுத்து எழுதினால் எலி இரும்பாகிவிடும், பூதம் காகிதமாகிவிடும். அந்தக் குழியில் நான் விழவில்லை. ஒவ்வொரு எண்ணையும் திருப்பிப் போட்டு, திருப்பியதைத் திரும்பவும் பார்த்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இடையில் ஒரு சங்கடம். எங்கள் ஆசிரியர் வாரா வாரம் வேலைக் குறிப்பு கேட்பார்: என்ன செய்தாய், எங்கே தடுக்கியது, அடுத்து என்ன. அதோடு அந்த வார வரைபடத்தையும் இணைக்க வேண்டும். நான் அவசரத்தில் கோட்டையின் அடித்தளப் படத்தை இணைத்துவிட்டேன். திரும்பி வந்தபோது சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை. காற்று வர வழி இல்லை. ஒரே வாசல்: தீப்பிடித்தால் என்ன செய்வார்கள்?' மந்திரவாதி நெருப்பு விடும் ஒவ்வொரு முறையும் எனக்கு இனி அந்தக் கேள்வி வரும்.

கடைசியில் தங்கம். பழைய ஆட்டத்தில், கோட்டையிலிருந்து எவ்வளவு தங்கத்தை வெளியே கொண்டுவருகிறோமோ அவ்வளவுக்கு நம் ஆளின் பலம் வளரும். அதனால்தான் அறைக்கு அறை பெட்டி, பானை, மாடம் என்று காசைக் கொட்டி வைத்திருப்பார்கள். புதிய ஆட்டத்தில் தங்கத்துக்கு மதிப்பே கிடையாது. அதில் பலம் வளர்வது வாக்குறுதியால். யாருக்காவது ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும், அதைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றினால் ஒரு படி ஏறலாம்.

இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டேன். பழையதில் நூறு பொற்காசு தரும் வளர்ச்சியும் புதியதில் ஒரு வாக்குறுதி தரும் வளர்ச்சியும் கிட்டத்தட்டச் சமம். இடப்பக்கம், பொற்காசு நூறு. வலப்பக்கம், வாக்குறுதி ஒன்று. சரிபார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு அறை அறையாகப் போய் எல்லாப் புதையலையும் மாற்றி எழுதினேன். கை வேகமாக ஓடியது. என் கண் எண்களை மட்டும் படித்துக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சீருடையிலேயே வந்தாள், இங்கிருந்து நேராகப் போவதற்காக. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே வைக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

"முதல்ல என் கையை இறக்கு," என்றாள். "தோள்பட்டை விட்டுப் போச்சு."

"முதல்லேருந்து ஆடப் போறோம்க்கா. எல்லாரும் கோட்டைக்கு வெளியே நிக்கறீங்க. பூதம் உள்வாசல்ல நிக்குது. அதை இன்னும் யாரும் பார்க்கல."

"என்னைப் பார்த்தா அதுக்கு ஞாபகம் வரும் பாரு," என்றாள்.

ஆரம்பம் நன்றாகவே போனது. முன்பு ஒரு மதியத்தையே தின்ற எலிக்கூட்டம் ஒரே உருட்டில் சிதறியது. சுவரில் யாரோ சாத்தி வைத்திருந்த ஏணியில் ஏறி, வெளிவாசலில் கிடந்த மூன்று எலும்புக்கூடுகளைத் தாண்டி, காவல் அறைக்குள் வந்துவிட்டார்கள். மாமா இரண்டு முறைதான் நெருப்பு விட்டார். எனக்கு மூச்சு சீரானது. அக்காவும் பையைச் சற்றுத் தளர்வாகப் பிடித்திருந்தாள்.

காவல் அறையின் மூலையில் ஒரு பெட்டி.

"போன தடவை இதுல முந்நூறு காசு இருந்துச்சு," என்றார் பேக்கரி அண்ணன், கைகளைத் தேய்த்துக்கொண்டு. "எனக்குத் தெரிஞ்ச பூட்டு. சட்டுனு திறந்துடறேன்."

பகடை அவருக்கு நன்றாக விழுந்தது. நான் என் தாளை எடுத்து, நடத்துநருக்குரிய கனத்த குரலில் படித்தேன்:

"மூடி கிறீச்சிட்டுத் திறக்கிறது. உள்ளே, பழைய துணியில் சுற்றி, மூன்று வாக்குறுதிகள் இருக்கின்றன."

படித்து முடித்த பிறகுதான் நான் என்ன படித்தேன் என்பது என் காதில் விழுந்தது.

மாமாதான் முதலில். "சில்லறையாவா, நோட்டாவா?"

ரப்பர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மேசைமேல் கவிழ்ந்தாள். நிமிர்ந்தபோது நெற்றியெல்லாம் மாவு. பேக்கரி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார். "எடை எவ்வளவு தம்பி? என் மூட்டையில இடம் இருக்கான்னு பார்க்கணும்."

"தப்பு," என்றேன். "தப்பாயிடுச்சு. நூறு காசுக்கு ஒண்ணுன்னு போட்டேன். அப்படியே பெட்டிக்குள்ள... இருங்க, ஒரு நிமிஷம், மாத்திடறேன்."

தாள்களைப் புரட்டினேன். அடுத்த அறையில், தண்ணீர்ப் பானைக்கு அடியில் இரண்டு வாக்குறுதிகள். அதற்கடுத்த அறையில், செத்த ஓணானின் வாயில் அரை வாக்குறுதி. எல்லா அறையும் அப்படித்தான். உட்கார்ந்து திருத்தினால் மதியம் முழுக்கப் போதாது. முகம் சுட்டது. எண் தவறினால் பிடித்துவிடுவேன். எண் எல்லாம் சரியாக இருந்து, பொருள் தவறினால் எப்படிப் பிடிப்பது? கண்ணாடிக் கடையில் அதற்குப் பழக்கமில்லை.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கை, பையின் பட்டையைச் சுற்றிக்கொண்டது.

அப்புறம் கையை எடுத்தாள். "அதையெல்லாம் புரட்டாத. யார் குடுத்த வாக்கு அது?"

"யாரும் குடுக்கலக்கா. கணக்குல வந்தது."

"கணக்குல எப்படிடா வரும்? வாக்குன்னா ஒருத்தர் குடுத்திருக்கணும், ஒருத்தர் வாங்கியிருக்கணும். யாரு?"

"என் கல்யாணத்துல நான் குடுத்ததா இருக்கும்," என்றார் மாமா. "அதைத்தானே ரொம்ப நாளா நீ தேடிட்டிருக்க."

"அதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள அடங்காதுங்க."

ரப்பர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வாசல்ல எலும்புக்கூடு கிடந்துச்சே. அதுவும் மூணுதானே?"

மூன்றுதான். புத்தகத்தில் அவற்றைப் பற்றி ஒரே வரி: 'முன்பு வந்து மாண்டவர்கள்.' பயமுறுத்துவதற்காகப் போட்டது. அதற்கு எண் எதுவும் இல்லாததால் நான் மாற்றாமலே விட்டிருந்தேன்.

"அப்போ அவங்களோடதுதான்," என்றாள் அக்கா. "ஆபரேஷனுக்குப் போறவங்க மோதிரம், கம்மலைக் கழட்டி நம்ம கையில கொடுத்துட்டுப் போவாங்கல்ல, அந்த மாதிரி. ஆபத்தான இடத்துக்குப் போறோம், திரும்பி வந்து எடுத்துக்கலாம்னு இங்க வச்சுட்டுப் போயிருக்காங்க."

"வரல," என்றார் பேக்கரி அண்ணன்.

"வரல."

ஆறுகிற அடுப்பின் இரும்பு டிக்கென்று ஒரு சத்தம் போட்டது.

"சரி, எனக்கு ஒண்ணு எடுங்க," என்றார் மாமா, கையை நீட்டி. பேக்கரி அண்ணன் இல்லாத பெட்டியிலிருந்து இல்லாத ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். மாமா அதைப் பிரித்துப் படிப்பதுபோலக் கண்ணைச் சுருக்கினார். "'பக்கத்து வீட்டு அண்ணே, ஏணியைக் குடு, பொழுது சாயறதுக்குள்ள கொண்டு வந்து வச்சிடறேன்.' அடப்பாவி! நாம ஏறி வந்தோமே, அந்த ஏணி யாரோடதுன்னு இப்பத்தான் தெரியுது. பாவம், அந்தாளு இன்னும் கூரை மேலயே உக்காந்திருப்பான்."

ரப்பர் மறுபடி கவிழ்ந்தாள்.

"யார் எடுக்கறாங்களோ அவங்க அதைக் காப்பாத்தணும்," என்றேன். இது புதிய புத்தகத்தின் விதிதான்: இறந்தவரின் வாக்கை இன்னொருவர் ஏற்கலாம். அந்த வரியை நான் படித்திருந்தேன். எங்கே பயன்படும் என்று தெரியாமல் தாண்டிப் போயிருந்தேன்.

"ஏணியைத் திருப்பிக் கொடுக்கறது என் பொறுப்பு," என்றார் மாமா. "பஸ் மேல கட்டி எடுத்துட்டுப் போயிடலாம்."

பேக்கரி அண்ணன் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். அவருக்கு நேரம் பிடித்தது. பன் எடுக்கும் இடுக்கியால் மேசையைத் தட்டித் தட்டி யோசித்தார். "இது உப்புக் கோட்டை. சுத்தி இருக்கிற தண்ணியெல்லாம் கரிக்கும். அடியில எங்கயோ நல்ல தண்ணிக் கிணறு இருக்குன்னு ஊர்ல பேச்சு இருந்திருக்கும். 'ஒரு குடமாவது கொண்டு வர்றேன்'னு எவனோ சொல்லிட்டு வந்திருக்கான்."

புத்தகத்தின் கடைசி அறை ஒரு கிணறு. அது அவருக்குத் தெரியாது. நான் முகத்தைத் தாளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"மூணாவது எனக்கு," என்றாள் அக்கா. "டேய், அந்தப் பூதம் எவ்வளவு நாளா உள்வாசல்ல நிக்குது?"

பார்த்தேன். "நூறு வருஷமா. இரவும் பகலும்."

"மாத்து ஆள்?"

"புத்தகத்துல ஒண்ணும் போடல."

"நூறு வருஷமா மாத்து ஆள் வரலையா?" அக்காவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "அப்போ மூணாவது ஆள் புதையலுக்கு வந்தவனே இல்ல. அடுத்த ஷிப்ட். 'பையை வச்சுட்டு இதோ வர்றேன்'னு பூதத்துக்கிட்டச் சொல்லியிருக்கான். வெளிவாசலுக்குப் போனவன் அங்கயே செத்துட்டான். அது இன்னும் அவனுக்காக நிக்குது."

"நாம அதைப் போய் மூணு வாரமா வெட்டிக்கிட்டு இருந்தோம்," என்றாள் ரப்பர்.

"உள்ள போறேன்," என்றாள் அக்கா. "வாளை உறையில போட்டுட்டேன்."

"முதல்ல நான் கொஞ்சமா நெருப்பு..." என்றார் மாமா.

"சும்மா இருங்க."

அவள் பையைக் கீழே வைத்தாள். நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். நான் இப்போது பூதம். அக்கா வார்டில் எப்படிப் பேசுவாள் என்று நான் கேட்டதில்லை. இப்படித்தான் இருக்கும்: மெதுவாக, அவசரமில்லாமல், கொஞ்சம் களைப்போடு.

"லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோ. நான் வந்துட்டேன். ஏதாவது சொல்லணுமா?"

பூதத்தின் பேச்சுக்குப் புத்தகம் கொடுத்திருந்தது ஒரே ஒரு சொல்: 'உறுமும்.' எனக்குச் சட்டென்று எதையும் உருவாக்க வராது. ஆயத்தம் செய்யாத கேள்விக்கு வகுப்பிலும் வாய் திறக்க மாட்டேன். ஆனால் கோட்டையின் ஒவ்வொரு கதவையும் படியையும் அந்த வாரம் என் கையால் எழுதியிருந்தேன்.

"மேற்குக் கதவு சரியாச் சாத்தாது," என்றேன். "தள்ளிப் பிடிச்சுத்தான் தாழ் போடணும். பொழுது சாஞ்சா வௌவால் வரும், ஒண்ணும் செய்யாது. ரெண்டாவது படி வழுக்கும். கைப்பிடி கிடையாது."

அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். "சரி. வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"போய்த் தூங்கு. நான் பார்த்துக்கறேன்."

பகடை போட வேண்டிய இடம் அது. போட்டாள். ஜெயித்தாள், ஆனால் ஏதாவது ஒன்றை இழந்தாக வேண்டும் என்று விழுந்தது. பூதம் பெருமூச்சு விட்டு, ஈட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, நகர்ந்துபோயிற்று. எதை இழப்பது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நீ ஷிப்டை ஏத்துக்கிட்டக்கா. இனிமே மாத்து ஆள் வர்ற வரைக்கும் வாள்காரி அந்த வாசலை விட்டு நகரக் கூடாது."

"அடப்பாவி! அங்கயும் நிக்கணும், இங்கயும் நிக்கணுமா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவளை இருத்திக்கொள்ளத்தான் இவ்வளவும். இப்போது அவள் ஆளை வாசலில் கட்டிப் போட்டுவிட்டேன். இதைச் சொல்லாமல் வேறு ஏதாவது, ஒரு மோதிரம், ஒரு கேடயம் என்று சொல்லியிருக்கலாம்.

ரப்பர்தான் பேசினாள். "அக்கா, இப்படிப் பண்ணலாமே. ஷிப்டுன்னா எல்லாருக்கும் மாறி மாறி வரணும்ல. எந்த ஞாயித்துக்கிழமை யாரால வர முடியலையோ, அவங்க ஆள் அன்னைக்கு வாசல்ல நிக்கட்டும். மத்தவங்க உள்ள போகட்டும்."

அக்கா யோசித்தாள். "பாதியில எந்திரிச்சுப் போனா?"

"வாசலுக்குப் போறீங்க. அவ்வளவுதான். அங்க ஒரு ஆள் வேணுமே."

"ஆட்டம் நிக்காதா?"

"எதுக்கு நிக்கணும்? நீங்க இருக்கற தைரியத்துலதான் நாங்க உள்ள போறோம்."

அக்கா ரப்பரின் பென்சிலை வாங்கினாள். என் கையிலிருந்து ஒரு அளவுத் தாளைப் பிடுங்கித் திருப்பி, கட்டம் போட்டாள். ஸ்கேல் இல்லாமலே கோடு நேராக வந்தது. மேலே வாரங்கள், பக்கத்தில் ஆட்கள். "ஏங்க, உங்களுக்கு அடுத்த மாசம் வெளியூர் வண்டி எப்போ?" என்று மாமாவிடம் கேட்டு ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டாள். பேக்கரி அண்ணனுக்குக் கல்யாண ஆர்டர் வரும் வாரங்களைக் கேட்டாள். தனக்கு எந்தெந்த வாரம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. ஒரு ஞாயிற்றில்கூடத் தன் பெயரை அடிக்கவில்லை. சில கட்டங்களில் 'ஆட்டம்' என்றும், சில கட்டங்களில் 'வாசல்' என்றும் எழுதினாள்.

கிளம்பும் நேரம் வந்தபோது பூதத்தின் வாசல் தாண்டி இரண்டு அறைகள் முடிந்திருந்தன. அக்கா ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நான் வாசலுக்குப் போறேன். திரும்பி வரும்போது வாசலைச் சாத்தாம வந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள். யாருக்கும் முகம் வாடவில்லை. திருடன் அடுத்த பூட்டில் கம்பியை நுழைத்துக்கொண்டிருந்தான்.

என் தவறு நல்லபடியாக முடிந்தது என்பதால் அது தவறில்லை என்று ஆகிவிடாது. மாற்றும்போது எண்ணோடு சொல்லையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். மீதி அறைகளைத் திருத்தித் தந்துவிடுகிறேன் என்று மற்றவர்களிடமும் சொன்னேன்.

"எதுக்குத் திருத்தற?" என்றார் மாமா. "அடுத்தது என்ன இருக்கு, படி."

"அதெல்லாம் முன்னாடியே சொல்லக் கூடாது மாமா."

"கடைசி அறையில மட்டும் எவ்வளவுன்னு சொல்லு. பொருளைச் சொல்ல வேண்டாம். கணக்கை மட்டும்."

தாளைப் பார்த்தேன். பழைய புத்தகத்தில் அந்த அறையில்தான் பெரும் புதையல். "நானூறு வாக்குறுதிகள்."

"நானூறா? ஒரே ஆளா குடுத்தது? யாருடா அவன், தேர்தல்ல நின்னவனா?"

பேக்கரி அண்ணன் சிரித்த சிரிப்பில் இடுக்கி கீழே விழுந்தது. ரப்பர் உடனே, அவன் கோட்டையின் ராஜாதான், ஜெயித்த மறுநாளே கிணற்றடிக்குப் போய் ஒளிந்துகொண்டான் என்றாள். இல்லை, அவன் தோற்றுவிட்டான், தோற்றும் ஒவ்வொன்றாக நிறைவேற்றப் பார்க்கிறான் என்றார் பேக்கரி அண்ணன். வாதம் சூடு பிடித்தது. நான் எழுதிக்கொண்டேன். இதில் எதை இடப்பக்கம் போடுவது, எதை வலப்பக்கம் போடுவது என்று தெரியவில்லை. கோட்டுக்குக் குறுக்காகவே எழுதினேன்.

மேசைமேல் என் செல்போன் அதிர்ந்து மாவில் வட்டம் போட்டது. அக்கா. பஸ்ஸில் இருப்பாள்.

'அந்தப் பூதம் இப்ப என்ன பண்ணுது?'

எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். புத்தகத்தில் பூதம் தோற்றால் உப்பாகக் கரைந்துபோகும் என்றிருந்தது. தோற்காமல் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கே படுக்க வைப்பது என்று கொஞ்ச நேரம் பேசினோம். காவல் அறையில் ஓர் அடுப்பு உண்டு, அதன் பக்கத்தில் போடு, கதகதப்பாக இருக்கும் என்றார் பேக்கரி அண்ணன்.

'அடுப்புப் பக்கத்துல படுத்துத் தூங்குதுக்கா,' என்று அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. 'யாரும் எழுப்பிடாதீங்க.'